பொய்யிரையை விழுங்குவது யார்?

சில வினாக்கள் கேட்கப்பட்ட இடத்திலேயே முடிந்துவிடுவதில்லை. அவசரத்தில் நாம் கொடுத்த விடை கேட்டவரை அமைதிப்படுத்தியிருக்கலாம். கொடுத்த நம்மை அது அமைதியாக இருக்க விடுவதில்லை. அத்தகைய வினா ஒன்றையும், அதற்கு நாம் அளித்த குறைபட்ட விடையையும் வாசகர்முன் வைத்து, கடன்பட்டவன் தன் கணக்கை நேர்செய்வதுபோல் இக்கட்டுரையில் அதனை நேர்செய்துகொள்ள விழைகிறோம்.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்து வடபகுதியில், டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டானது குன்டர்ஸ்வில் ஏரி. அம்மாநிலத்தின் மிகப் பெரிய ஏரியான அது, பெருவாய்ப் பாஸ் என்னும் நன்னீர் மீனுக்குப் பெயர்பெற்றது. அவ்வட்டாரத்துப் பங்கொன்றில் சில மாதங்கள் பணியாற்ற நேர்ந்தபோது, ஓய்வுபெற்ற இயந்திரப் பணியாளராகிய முதியவர் ஒருவர் நமக்கு நண்பரானார். ஞாயிற்றுக்கிழமை தவறாது திருப்பலியில் இருப்பார். சனிக்கிழமை தவறாது தம் வீட்டுக் கொட்டகையில் ஈயம் உருக்கிக்கொண்டிருப்பார். மீன்பிடித்தல் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் அதற்கு வேண்டிய பொய்யிரைகளைக் கடையில் வாங்காமல் தம் கையாலேயே செய்துகொள்வதை அவர் ஏறத்தாழ ஒரு தவமாகவே கொண்டிருந்தார். உண்ணத்தக்கது எதுவும் தன்னிடம் இல்லாமல், உணவின் தோற்றத்தை மட்டும் காட்டி மீனை ஈர்க்கும் கருவியையே இங்குப் பொய்யிரை என்று குறிப்பிடுகிறோம்.

கொட்டகையில் கண்டது

அவர் விரும்பிச் செய்தது, அந்நாட்டார் 'அண்டர்ஸ்பின் ஜிக்' என அழைக்கும் வகை. வளைந்த தூண்டில் முள்ளின் கழுத்தில், மீன்தலை வடிவில் வார்த்த ஈயக்குண்டு ஒன்று. அக்குண்டின் அடியிலிருந்து சிறு கம்பி நீளும். கம்பி நுனியில் சுழலும் வளையம். வளையத்தில், வில்லோ மரத்து இலைபோல் ஒடுங்கி நீண்ட பளபளக்கும் தகடு. முள்ளின் தண்டில் மென்மையான நெகிழியாலான மீன்குஞ்சு உருவம் கோக்கப்படும். நீருக்குள் மெதுவாகவும் ஒரே சீராகவும் இழுத்து வரும்போது தகடு சுழன்று மின்னும், நெகிழி வால் அசையும். ஷாட் எனப்படும் இரைமீன் ஒன்று தன் கூட்டத்தைப் பிரிந்து தனியே செல்வதாகவும், அதன் வயிறே ஒளிர்வதாகவும் எண்ணிப் பாஸ் மீன் பாயும்.

இதனைச் செய்யும் முறையை அவர் நமக்குப் பொறுமையோடு காட்டினார். ஈயம் 327 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். பழைய கார்ச் சக்கரங்களிலிருந்து கழற்றிய ஈய எடைகளையே அவர் பெரும்பாலும் உருக்கினார். அவற்றுள் துத்தநாக எடை ஒன்று தவறிக் கலந்து உருகிவிட்டால், கலவை கஞ்சிபோல் தடித்து அச்சின் நுண்ணிய பகுதிகளை நிரப்பாது. ஆகவே ஒவ்வொன்றையும் கத்தியால் கீறிப் பார்த்தே கலத்தில் இடுவார். உருகிய ஈயத்தினுள் ஒரு துளி நீர் அகப்பட்டாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை வாரி இறைக்கும். எனவே மழைநாளில் வேலை இல்லை. அலுமினிய அச்சை முதலில் சூடாக்கி, முள்ளையும் கம்பியையும் அதனதன் பள்ளத்தில் பொருத்தி, அச்சை மூடி, அகப்பையால் ஒரே ஊற்றாக ஊற்றுவார். அச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் பாதியில் உறைந்து, குறைப்பட்ட தலை பிறக்கும். அதனைத் தயங்காமல் மீண்டும் கலத்தில் போட்டுவிடுவார். பின்னர், ஒட்டிநிற்கும் மிகுதியை நறுக்கி, அரத்தால் தேய்த்து, தலையைச் சூடாக்கி வண்ணத்தூளில் தோய்த்து, உணவு சமைக்காத தனி அடுப்பொன்றில் 175 டிகிரி அளவில் சிறிது நேரம் வைத்து இறுகச் செய்வார். இறுதியாக ஒரு கண் ஒட்டப்படும். அந்தக் கண்ணை ஒட்டும்போது அவர் முகத்தில் தோன்றிய நிறைவு, மகளுக்குப் பொட்டிடும் தாயின் முகத்தை நமக்கு நினைவூட்டியது.

இன்னொன்றையும் கவனித்தோம். பேரப்பிள்ளைகளை அவர் அக்கொட்டகைக்குள் விடுவதில்லை. ஈயத்தூளும் புகையும் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவி, மேலாடையை மாற்றிக்கொண்ட பின்னரே வீட்டுக்குள் செல்வார்.

படகில் எழுந்த வினா

வசந்தகாலக் காலையொன்றில் நம்மையும் தம் படகில் ஏற்றிச் சென்றார். சற்று நேரத்தில் பெரிய பாஸ் ஒன்று அகப்பட்டது. இவ்வகை முள் பெரும்பாலும் உதட்டோரத்திலேயே தைக்கும். அன்று அது செவுளில் தைத்துவிட்டது. குருதி பெருகிற்று. அவர் கை நடுங்காமல் முள்ளை விடுவித்து, மீனைத் தாமதமின்றி நீரில் விட்டார். அது ஆழத்துக்குச் சென்று மறைந்தது. நாம் இருவரும் ஆறுதல் கொண்டோம். சில நிமிடங்களுக்குப் பின், படகிற்குச் சற்றுத் தொலைவில், வெள்ளை வயிறு மேலே தெரிய அது மிதந்து வந்தது.

அவர் நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதி வேடிக்கையாகவும் பாதி வேதனையாகவும், "பாதர், கடையில் வாங்கிய முள்ளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது. இந்தப் பொய்யை என் கையாலேயே செய்தேன். இது பாவமா?" என்று கேட்டார்.

"மீன்தானே! அதற்கு அழியாத ஆன்மா இல்லை. வருந்தாதீர்கள்" என்றோம் நாம்.

அவர் புன்னகை செய்தார். ஆனால் அன்று மீண்டும் தூண்டில் கோலைத் தொடவில்லை. நம் விடையில் கோட்பாட்டுப் பிழை எதுவும் இல்லை என்றே இன்றும் கருதுகிறோம். எனினும், அவர் கேட்டது மீனின் ஆன்மாவைப் பற்றி அன்று; தம் ஆன்மாவைப் பற்றி. அதனை நாம் கவனிக்கவில்லை.

மீனிடம் சொன்னது பொய்யா?

முதலில் அவர் பயன்படுத்திய சொல்லையே எடுத்துக்கொள்வோம். பொய்யிரை ஒரு பொய்யா?

பொய்யைப் பற்றி இரண்டு தனி நூல்கள் எழுதிய புனித அகுஸ்தினார், நல்ல நோக்கத்திற்காகவும் பொய் சொல்லலாகாது என்று உறுதியாக நின்றவர். ஆயினும் அவர் கண்டித்த பொய், மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றை வெளியிடும் பேச்சு. பேச்சு இருக்கவேண்டுமெனில் கேட்பவர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் நம் சொல்லை நம்ப உரிமை உடையவராகவும் இருக்கவேண்டும். புனித தோமா அக்குவினாரோ, போரில் மறைந்திருந்து தாக்குதல் முறையா என ஆராயும் இடத்தில், கொடுத்த வாக்கை மீறுவதையும் பொய்யுரைப்பதையும் ஒருபுறமும், நம் எண்ணத்தை வெளிக்காட்டாமல் மறைப்பதை மறுபுறமும் வைத்துப் பிரித்துக் காட்டுகிறார். முன்னது எவரிடத்தும் தகாது. பின்னது எப்போதும் குற்றமாகாது. இவ்வளவையும் கொண்டு பார்த்தால், மீனோடு நமக்கு உடன்படிக்கை ஏதுமில்லை. நாம் அதற்கு வாக்குக் கொடுக்கவுமில்லை. பொய்யிரை சூழ்ச்சிதான், அறநூல் கூறும் பொருளில் பொய் அன்று.

இயற்கையும் இச்சூழ்ச்சியை அறியும். அமெரிக்கத் தென்கிழக்கு ஆறுகளில் லாம்ப்சிலிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த நன்னீர்ச் சிப்பிகள் வாழ்கின்றன. முதிர்ந்த பெண் சிப்பியின் ஓரத்தசை சிறு மீனின் உருவில் வளர்ந்திருக்கும். கண்போல் புள்ளியும் வால்போல் நுனியும் அதில் உண்டு. அதனைச் சிப்பி அசைத்துக் காட்டும். இரையென எண்ணிப் பாஸ் மீன் கவ்வப் பாய்ந்ததும், சிப்பி தன் நுண்ணிய குஞ்சுகளை அதன் வாய்க்குள் பீச்சிவிடும். அவை செவுளில் ஒட்டிச் சில வாரங்கள் வளர்ந்து, பின் தாமே உதிர்ந்து ஆற்றுப்படுகையில் வாழத் தொடங்கும். பெரும்பாலும் மீனுக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. நம் நண்பர் கொட்டகையில் வார்த்த அதே உருவை, மனிதர் முள் வளைக்கக் கற்கும் முன்பே ஒரு சிப்பி தன் உடலில் வார்த்திருக்கிறது!

ஆனால் இங்கு ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. சிப்பிக்கு வேறு வழியில்லை. அது தன் செயலைத் தெரிந்தெடுப்பதுமில்லை. மனிதன் தெரிந்தெடுக்கிறான். எனவே 'இயற்கையில் உள்ளதே' என்பது அவனுக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

இனி நம் மொழியின் பக்கம் திரும்புவோம். 'தூண்டில்' என்னும் சொல்லே 'தூண்டு' என்பதினின்று பிறந்தது. பசி மீனுடையது, தூண்டுதல் நம்முடையது. வள்ளுவப் பெருந்தகை, சூது என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார். கூர்ந்து நோக்குக: அங்கு மீனாக நிற்பவன் தோற்றவன் அல்லன், வென்றவன்! தான் பெற்றதாக எண்ணிக்கொண்டிருப்பவனே உண்மையில் பிடிபட்டவன். இந்தக் கருத்துத்தான், படகில் கேட்ட வினாவுக்கு விடை தேடும் வழியை நமக்குக் காட்டியது. பொய்யிரையில் உள்ள பொய் மீனிடம் சொல்லப்படவில்லை. அப்படியானால் அதனை விழுங்குவது யார்? தூண்டில் கோலைப் பிடித்திருப்பவர் தமக்குத் தாமே எறிந்துகொள்ளும் இரைகள் மூன்றினைக் காண்கிறோம்.

'அதற்கு வலிக்காது'

முதலாவது இரை இது. மீனுக்கு வலி உண்டா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது. வலியை உணர்வதற்கு இன்றியமையாத மூளைப்புறணி மீன்களுக்கு இல்லை. ஆகவே நாம் அறியும் வலி அவற்றுக்கு இல்லை என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ரோஸ் 2002-இல் வாதிட்டார். அடுத்த ஆண்டே, 2003-இல், ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் வானவில் டிரவுட் மீன்களின் முகத்திலும் உதட்டிலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உடலை அசைத்தாடின, உதட்டைச் சரளைக் கற்களில் உரசின, இரை எடுக்க நெடுநேரம் தாழ்த்தின.

குருமடத்தில் ஐயத்தைப் பற்றிப் படிக்கும்போது பழைய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்வார்கள். புதர் அசைகிறது, உள்ளே இருப்பது மானா, மனிதனா என்று வேடனுக்குத் தெரியவில்லை. அந்த ஐயத்தோடு அவன் அம்பு எய்யலாமா? எய்யலாகாது என்பதே எல்லாரும் ஒப்பிய விடை. மீன் மனிதன் அன்று. ஆகவே அதே கண்டிப்பை இங்குக் கொண்டுவருதல் மிகையாகும். எனினும் ஐயத்தின் பயனை யாருக்குக் கொடுப்பது என்ற நெறி மாறுவதில்லை. வலி உண்டோ இல்லையோ என்னும் நிலையில், 'இல்லை' என்பதை நாம் தெரிந்துகொள்வது, அது உண்மை என்பதாலா, நமக்கு வசதி என்பதாலா? 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துதல் முறையானதே என்கிறது. அதே இடத்தில், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு ஒவ்வாதது என்றும் கற்பிக்கிறது. விலங்கின் உரிமையை மட்டும் சொல்லாமல் மனிதரின் மாண்பைச் சொல்லியிருப்பது நம் சிந்தனைக்குரியது. ஏனெனில், அந்தச் செயல் முதலில் காயப்படுத்துவது செய்பவரையே.

'விட்டுவிட்டேனே!'

இரண்டாவது இரை மேலும் நயமானது. 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்னும் இளம் உழவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள பாஸ் மீனைப் பொய்யிரையால் பிடித்தார். அது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. பொருளாதார நெருக்கடி மிகுந்த காலம் அது. எடை பார்த்தபின் அந்த மீன் வீட்டுக்குச் சென்றது. குடும்பம் அதனை உண்டது. இன்றைய ஆர்வலர் பலருக்கு இது அதிர்ச்சி தரும். நமக்கோ, அந்த அடுப்பங்கரையில் குற்றம் ஏதும் தென்படவில்லை. பசித்தவர்க்கு உணவாயிற்று, கணக்கு முடிந்தது.

பின்னர் மீன்பிடித்தல் பெரும் போட்டி விளையாட்டாக வளர்ந்தது. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் 1968-இல் பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தைத் தொடங்கினார். போட்டிகளில் மீன்கள் வீணே மடிவதைத் தடுக்க, 1972-இல் 'பிடித்ததைக் கொல்லாதே' என்னும் இயக்கத்தை முன்னெடுத்தார். படகுகளில் காற்றோட்டமுள்ள நீர்த்தொட்டி வைத்து, எடை பார்த்தபின் மீனை உயிரோடு ஏரியில் விடும் வழக்கம் பரவியது. அது நன்மையே. எத்தனையோ மீன்கள் பிழைத்தன.

ஆனால் ஒரு நல்ல வழக்கம் மனச்சான்றுக்குத் தலையணையாகிவிடும்போது ஆபத்து தொடங்குகிறது. வசந்தத்தில் ஆண் பாஸ் மீன் தான் துடைத்தமைத்த கூட்டில் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். அதனைப் பிடித்துச் சில நிமிடங்கள் படகில் வைத்துப் படமெடுத்து விட்டாலும், அதற்குள் புளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டைச் சூறையாடிவிடக்கூடும். தந்தையை விட்டோம், வீட்டை விட்டோமா? சுவிட்சர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நல விதிகள், மீண்டும் விட்டுவிடும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதைத் தடைசெய்தன. உண்ணும் எண்ணமில்லாமல் ஓர் உயிரை முள்ளில் மாட்டுவதற்குக் காரணம் என்ன என்பதே அச்சட்டத்தின் கேள்வி. ஜப்பானில் நிலைமை இன்னும் வேறு. 1925-இல் அங்குள்ள ஆஷி ஏரியில் கொண்டுவந்து விடப்பட்ட பெருவாய்ப் பாஸ் நாடெங்கும் பரவி உள்நாட்டு மீன்களை அழித்துவந்தது. பீவா ஏரி அமைந்துள்ள ஷிகா மாகாணத்தில், பிடித்த பாஸை மீண்டும் ஏரியில் விடுவதே 2003 முதல் தடை! அந்த ஏரியில்தான் 2009-இல் மனாபு குரிட்டா என்பவர் பெரியின் சாதனைக்கு இணையான மீனைப் பிடித்தார்.

ஓரிடத்தில் அறமாகப் போற்றப்படுவது மற்றோரிடத்தில் குற்றமாகிறது. இதனால் அறமே இல்லை என்று முடிவு செய்தல் தவறு. 'விட்டுவிட்டேன்' என்ற ஒற்றைச் சொல்லால் கணக்கு முடிவதில்லை என்பதே இதன் பாடம். எந்த நீரில், எந்தக் காலத்தில், எந்த நிலையில் விட்டோம் என்பதையும் கேட்கவேண்டும். நண்பரின் மீனையும் நாம் விட்டோம். அது செத்து மிதந்தது.

'சிறிதளவு ஈயம்தானே!'

மூன்றாவது இரை, நாம் திரும்பிப் பார்க்காமல் விட்டுவரும் ஒன்றைப் பற்றியது. நீரடிக் கட்டையிலும் பாறையிடுக்கிலும் சிக்கி நரம்பு அறும்போது பொய்யிரை அங்கேயே கிடந்துவிடுகிறது. ஒரு வார்ப்பில் பத்துக் கிராம் ஈயம் இருக்கும். அது மிகச் சிறிது என்று தோன்றும்.

லூன் என்னும் முக்குளிக்கும் நீர்ப்பறவை வட அமெரிக்க ஏரிகளில் இனம் பெருக்கி, குளிர்காலத்தில் தெற்கே வருவது. உணவை அரைப்பதற்காக அது சிறு கற்களை விழுங்கும். கற்களோடு ஈயக்குண்டையும் விழுங்கிவிடும். முள்ளோடு தப்பிய மீனை உண்டும் ஈயத்தைப் பெறும். இரைப்பையின் அமிலமும் அரைப்பும் ஈயத்தைக் கரைத்துக் குருதியில் சேர்க்க, ஒரேயொரு சிறு குண்டே அப்பறவையைச் சில வாரங்களில் கொன்றுவிடும். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் இவ்வாறு மடிந்ததைக் கண்டு, 1987-இல் பெரும்பாலான ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தனர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராமும் அதற்குக் குறைவும் எடையுள்ள ஈயக்குண்டுகளையும் ஈய ஜிக்குகளையும் நன்னீரில் பயன்படுத்துவதும் விற்பதும் 2016 முதல் தடைசெய்யப்பட்டன.

நம் நண்பரின் கொட்டகை இங்கு நம் நினைவுக்கு வருகிறது. ஈயம் நஞ்சு என்பதை அவர் அறியாதவரா? பேரப்பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர் அவர். முழங்கைவரை கழுவியவர் அவர். அந்த அறிவு அவரோடு ஏரிவரை வரவில்லை. படகுத்துறையில் அதனைக் கழற்றி வைத்துவிட்டார். நாம் அவரைக் குறைகூறவில்லை. நம் வீட்டுக் குழந்தைக்கு ஆகாதது ஊரார் குளத்துக்கு ஆகும் என்று எண்ணும் பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. நம் வீட்டுக் குப்பையைத் தெருமுனையில் கொட்டிவிட்டு வீட்டைத் தூய்மை செய்ததாகப் பெருமைப்படும் நமக்கு, அவரைத் தீர்ப்பிட என்ன தகுதி?

கையால் செய்தவரின் கடன்

கடையில் வாங்கிய முள்ளாக இருந்தால் இவ்வளவு உறுத்தாது என்றார் அம்முதியவர். அன்று இவ்வாக்கியத்தை நாம் கேட்டும் கேளாதவராய் இருந்தோம். இன்று அதுவே இவ்வினாவின் திறவுகோல் எனத் தோன்றுகிறது.

வாங்குபவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஓர் இடமுண்டு. எதனால் ஆனது, எவ்வளவு கூரானது, எங்கே போய்ச் சேரும் என்பவற்றை அவருக்குப் பதிலாக வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். கையால் செய்பவருக்கு அந்த இடமில்லை. ஈயமா, வேறு உலோகமா என்று தேர்ந்தவர் அவர். முள்ளின் எதிர்க்கூரை வைத்திருப்பதா, நசுக்கிவிடுவதா என்பது அவர் கையிலுள்ள குறடு முடிவு செய்வது. மீனின் பசியை எந்த ஒளி தூண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர், அதே மீனின் துன்பத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் அறியேன் எனக் கூறுதல் பொருந்துமா? அறிவு கூடும்போது பொறுப்பும் கூடுகிறது. மிகுதியாகப் பெற்றவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் என்னும் ஆண்டவரின் படிப்பினை, வெள்ளிக்கும் பொன்னுக்கும் மட்டும் உரியதன்று, கைத்திறனுக்கும் உரியது.

அப்படியானால் மீன்பிடித்து விளையாடுவதே தகாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று அக்குவினார் எழுதினார். உழைத்துக் களைத்த மனத்திற்கு ஓய்வு வேண்டும். விடியற்காலை ஏரியின் அமைதியும், பொறுமையாகக் காத்திருத்தலும், கையால் ஒன்றை உருவாக்கும் மகிழ்ச்சியும் மனிதரை மேன்மைப்படுத்துபவை. நற்செய்தியில் ஒரே ஓரிடத்தில் தூண்டில் பேசப்படுகிறது: கோவில் வரி செலுத்துவதற்காகப் பேதுருவைக் கடலில் தூண்டில் போடச் சொன்னார் இயேசு. வேண்டியது ஒரு மீன், பிடித்ததும் ஒன்றே. தேவை அங்கு அளவாக நின்றது.

ஆகவே, இன்று அந்த முதியவருக்கு விடை சொல்வதாயின் இவ்வாறு சொல்வோம்: 'ஐயா, மீனை ஏமாற்றியதற்காக வருந்தவேண்டாம். ஏமாற்றியபின் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். உண்ணப் பிடித்தால், விரைவில் கொன்று, வீணாக்காமல் உண்ணுங்கள். போதுமானது கிடைத்ததும் கோலை மடக்குங்கள். விடப்போகும் மீனாயின், முள்ளைக் கொடுமை குறைந்ததாக்குங்கள். கூட்டைக் காக்கும் மீனை அதன் போக்கில் விடுங்கள். விட்டதை இரக்கம் என்று பெயரிட்டுப் பாராட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் பேரனுக்கு நஞ்சானதை ஏரிக்குக் கொடுக்காதீர்கள். அன்று உங்களுக்கு உண்டான உறுத்தல் நோய் அன்று; நலமான மனச்சான்றின் துடிப்பு. அதனை நான் தட்டிக்கொடுத்து உறங்கவைக்க முயன்றேன். என்னை மன்னியுங்கள்.'

இதனை ஏறத்தாழ இதே சொற்களில் அவருக்குக் கடிதமாக எழுதினோம். குருக்கள் ஆறுதல் சொல்லப் பழகியவர்கள். ஆறுதலும் சில வேளைகளில் பளபளக்கும் தகடுதான். உள்ளே உணவு இருக்காது. அதையும் அக்கடிதத்தில் ஒப்புக்கொண்டோம்.

சில வாரங்களில் பதில் வந்தது. ஈயத்தை விட்டுவிட்டாராம். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை இப்போது வார்க்கிறார். வெள்ளீயம் 232 டிகிரியிலும் பிஸ்மத் 271 டிகிரியிலும் உருகுவதால் அடுப்பின் வேலை குறைந்துவிட்டது. ஆனால் பிஸ்மத் உறையும்போது சற்றே விரியும், எளிதில் நொறுங்கும், ஈயத்தைவிட எடை குறைந்தது. அதே அச்சில் வார்த்த தலை நீரில் மெதுவாகவே இறங்குகிறது, தாமும் மெதுவாக இழுக்கக் கற்றுக்கொண்டதாக எழுதியிருந்தார். விலையும் அதிகமாம், அதனால் குறைவாகச் செய்கிறார், செய்ததைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்கிறார். இரவு உணவுக்கு இரண்டு மீன் கிடைத்ததும் கரை திரும்பிவிடுகிறார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு செய்தி இருந்தது. கொட்டகையில் ஈயம் இல்லையாதலால், இப்போது மூத்த பேரன் உள்ளே வந்து, அடுப்புக்குத் தள்ளி ஒரு முக்காலியில் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறானாம். ஒருநாள், தாத்தா கண் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "மீனை ஏமாற்றத்தானே இதைச் செய்கிறீர்கள் தாத்தா?" என்று கேட்டானாம்.

"ஆமாம், ஏமாற்றத்தான். அதனால்தான் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்" என்று சொன்னாராம் அவர்.

படகில் நம்மிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு, நாம் சொல்லத் தவறிய விடையை அவரே தம் பேரனுக்குச் சொல்லிவிட்டார்.